விடுவதா வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்திருந்த 38 நாள்

2023 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. காதோலைக் கருகமணியும் கட்டுச்சோற்றுத் தூக்குமாகப் பெண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த மன்னார்குடி - திருத்துறைப்பூண்டி பஸ்ஸில், நான் ஒருத்திதான் ஹாஸ்டல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்தேன். முதல் நாள் மாலைதான் பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்தது. அனாடமியும் (உடல் அமைப்பு) ஃபிசியாலஜியும் (உடல் இயக்கம்) சேர்ந்த தாளில் 100க்கு 37. தேற 50 வேண்டும். "ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடறேன் மேம்" என்று வார்டனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள் 38 நாள் வீட்டிலேயே இருந்துவிட்டேன். படிப்பை விடுவதா, தொடர்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் யோசிக்கவும் இல்லை. படுத்துக்கிடந்தேன். அந்தப் படுக்கை ஒரு வருஷத்தையும் 84,000 ரூபாயையும் தின்றது. பரீட்சையில் தோற்றதற்கு நான் கொடுத்த விலை இதில் எதுவுமே இல்லை. அதைத்தான் யாராவது அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

நான் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். உயிரியலில் நல்ல மார்க். நர்சிங் கிடைத்ததும் ஊரே கொண்டாடியது. 2022 நவம்பரில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, பள்ளியில் நான் படித்த உடலும் இங்கே படிக்கிற உடலும் வேறு என்று. கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்கு இறங்குகிற நரம்புக் கூட்டத்தைப் பலகையில் போட்டுவிட்டு மேம் இங்கிலீஷில் கடகடவென்று போய்க்கொண்டே இருப்பார். பக்கத்தில் இருக்கிற பெண்கள் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். வாரத்துக்கு 40 மணி நேரம் வகுப்பும் லேபும் வார்டும். ராத்திரி ரெக்கார்டு எழுதி முடிக்க 12 மணி. படிப்பது என்றால் எனக்கு மந்திரம் ஜெபிப்பது மாதிரிதான், சத்தத்தை மனப்பாடம் செய்தேன். கல்லூரிக்குள் நடக்கிற இன்டர்னல் தேர்வில் எப்படியோ ஒப்பேற்றினேன். செமஸ்டர் தேர்வில் அனாடமிக்கு ஒன்று, ஃபிசியாலஜிக்கு ஒன்று என்று இரண்டு பகுதி. இரண்டிலும் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டதும் மந்திரம் மறந்துபோயிற்று.

ரிசல்ட் வந்த அன்று ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா, "அனாடமி போனா இயர் போச்சு, அடுத்த செமஸ்டர் எழுத விட மாட்டாங்க" என்றார். நான் நம்பிவிட்டேன். அது பழைய வருஷாந்திரப் பாடத்திட்டத்துக் காலத்துப் பேச்சு, அவருக்கும் யாரோ சொன்னது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் கதை வேறு. முதல் செமஸ்டரில் அரியர் இருந்தாலும் இரண்டு, மூன்று, நான்கு என்று மேலே வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். ஐந்தாவது செமஸ்டர் தேர்வு எழுதுவதற்கு முன்னால் பழைய பாக்கியை எல்லாம் முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். படிப்பை முழுசாக முடிக்க 8 வருஷம் வரை அவகாசம் உண்டு. ஒரு அரியர் என்பது ஒரு கல், மலை இல்லை. இது எனக்குத் தெரிந்தது செப்டம்பரில். அதற்குள் காரியம் கெட்டிருந்தது. கல்லூரியில் சேரும்போது பாடத்திட்டப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள், அல்லது நூலகத்தில் இருக்கும். அதில் தேர்வு விதிகள் இரண்டு மூன்று பக்கம்தான் வரும். ரிசல்ட் வந்த அன்று சீனியரைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பக்கங்களைப் படியுங்கள், ஒரு அகராதியை வைத்துக்கொண்டாவது.

வீட்டில் நிலைமையும் சரியில்லை. எங்கள் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்த சந்தோஷத்தில் அப்பா ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தில் குறுவை போட்டிருந்தார். அந்த வருஷம் கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வரவில்லை, வந்த கொஞ்சமும் முறை வைத்து எங்கள் வாய்க்காலுக்கு எட்டுவதற்குள் தீர்ந்துவிடும். நான் போய் இறங்கியபோது வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. (அக்டோபர் 10ஆம் தேதி அணையையே மூடிவிட்டார்கள்.) பயிர் காய்வதைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற அப்பாவிடம், நானும் காய்ந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்றேன். பிறகு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அம்மாவுக்கு மட்டும் பத்தாம் நாள் தெரிந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை, தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். மாமா வந்து குரூப் 4க்குப் படிக்கலாம் என்றார், அத்தை வந்து மாப்பிள்ளை பார்க்கலாம் என்றார். ஆளுக்கொரு யோசனை.

சில ராத்திரிகள் தூக்கமே கிடையாது. நெஞ்சு படபடக்கும். விடிந்தால் எழுந்திருக்கப் பிடிக்காது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நிலைமையில் எடுக்கிற எந்த முடிவும் முடிவு இல்லை. டெலிமானஸ் என்று 14416 எண்ணில் அரசு மனநல உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நான் மூன்று வாரம் கழித்துத்தான் கூப்பிட்டேன். பேசியவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். யாராவது அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்ட் நடுவில் அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. "பிடிக்கலைன்னா விட்டுடு பாப்பா, டி.சி. வாங்கிட்டு வந்துடலாம்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று தோன்றியது. அவரும் சித்தப்பாவும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார்கள். நான் வாசலில் நின்றேன். நடுவில் நிற்பதென்றால் பாக்கி மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்ட வேண்டும், அப்போதுதான் பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் சான்றிதழைத் தருவோம் என்று அங்கிருந்தவர் வாயால் சொன்னார். இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒரு தொகை. அப்பா வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்ற அந்தக் கோலம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சித்தப்பா விவரமானவர், "அதை எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டிருக்கிறார். எழுதித் தரவில்லை. பிறகு தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டோம். சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை, கட்டண பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது என்றார். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யும் 2018இல் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவிப்பு கொடுத்திருக்கிறது. வழக்கு வரைக்கும் நாங்கள் போகவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் என் அனுபவம் இதுதான்: வாயால் கேட்கிற தொகைக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி போட்டு முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சேரும்போது எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டோம் என்பதற்கு நகல் வைத்திருங்கள். எங்களிடம் ஒன்றுகூட இல்லை, ஐந்தாறு காகிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டது மட்டும் ஞாபகம். ஒரிஜினலைக் கொடுத்ததற்கு ரசீதும் வாங்கவில்லை.

என் அறைத்தோழி ஒருத்தி இதைவிடச் சமர்த்தாகச் செய்தாள். அவளுக்குப் படிப்பெல்லாம் பிரமாதமாக வரும், அனாடமியில் வகுப்பிலேயே முதல் மூன்று பேரில் ஒருத்தி. ஆனால் வார்டுக்குள் போனால் முகம் வெளுத்துவிடும். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். விழுவது பெரிய விஷயமே இல்லை, நிறையப் பேர் விழுவார்கள், பழகிவிடும். அவளுக்குப் பழகவில்லை, பழகவும் விருப்பமில்லை. வெளிநாட்டு வேலையை மனதில் வைத்து அவள் வீட்டில் சேர்த்துவிட்டிருந்தார்கள். முதல் செமஸ்டர் முடிவதற்குள்ளேயே அப்பா அம்மாவை வரவழைத்து, முதல்வரை நேரில் பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டு, போகிற நாள் வரைக்கும் வகுப்புக்கு வந்துகொண்டே இருந்தாள். இரண்டு மாதம் அலைந்து சான்றிதழை வாங்கிவிட்டாள். இப்போது கும்பகோணத்தில் பி.காம். முடிக்கப் போகிறாள், முகத்தில் சிரிப்பு இருக்கிறது. விட்டவர்களெல்லாம் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

எனக்கு விடை கிடைத்தது எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அத்தையிடம். அவர் கிராம சுகாதார செவிலியர். ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்புப் படித்து, இருபது வருஷத்துக்கு மேலாக வயல் வரப்பெல்லாம் நடந்து கர்ப்பிணிகளைப் பார்த்தவர். துணி காயப்போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் பாப்பா, நீ வார்டைப் பாத்து ஓடியாந்தியா, புஸ்தகத்தைப் பாத்து ஓடியாந்தியா?" சட்டென்று பதில் வரவில்லை. யோசித்தபோது வார்டு ஞாபகம் வந்தது. முதல் முறை பி.பி. பார்க்கப் போய், சத்தம் காதில் விழாமல் ஒரே பாட்டிக்கு நாலு தடவை பட்டையைக் கட்டி அவிழ்த்தேன். ஐந்தாவது தடவைதான் 140க்கு 90 என்று பிடிபட்டது. மறுநாள் அந்தப் பாட்டி இன்னொரு மாணவியை விட்டுவிட்டு, "நீயே பாரு, நீதான் பதமா கட்டுற" என்று கையை என்னிடம் நீட்டினார். படுக்கை விரிப்பது, உடம்பு துடைத்துவிடுவது, ஊசிக் குப்பி எடுத்துக்கொண்டு ஓடுவது, எதுவும் எனக்கு அருவருப்பாக இல்லை. "புஸ்தகத்தைப் பாத்துதான் அத்தை" என்றேன். "அப்ப புஸ்தகத்தை மாத்து, ஏன் படிப்பை மாத்துற?" என்றுவிட்டு அடுத்த புடவையை உதறப் போய்விட்டார்.

செப்டம்பர் 11, திங்கட்கிழமை திரும்பிப் போனேன். அங்கேதான் அடுத்த அடி. தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். பிராக்டிகலில் விட்ட மணி நேரத்தைப் பிறகு ஈடுகட்டலாம், எப்படியும் பட்டம் வாங்குவதற்குள் அது 100 சதவீதம் ஆக வேண்டும். தியரிக்கு அப்படி வழி இல்லை. கணக்கு மணி நேரத்தில்தான், புரிவதற்காக நாள் கணக்கில் சொல்கிறேன். ஒரு செமஸ்டர் 20 வாரம், எங்கள் கல்லூரியில் வாரத்துக்கு 6 நாள், ஆக 120 நாள். அதில் 20 சதவீதம் என்றால் 24 நாள்தான் விட முடியும். நான் வீட்டில் இருந்த 38 நாளோடு கிளம்பிய நாளையும் சேர்த்து, ஞாயிறு, சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி எல்லாம் கழித்தால் 31 வகுப்பு நாள். மிச்சம் 89 நாள். 89ஐ 120ஆல் வகுத்தால் 74 சதவீதம். ஏழு நாள். ஏழே ஏழு நாள் முன்னால் வந்திருந்தால் அரியரோடு மேலே போயிருப்பேன். இரண்டாவது செமஸ்டர் தேர்வு எழுத விடவில்லை. அடுத்த பேட்ச் இரண்டாவது செமஸ்டருக்கு வரும் வரை காத்திருந்து அவர்களோடு உட்கார வேண்டியதாயிற்று.

கணக்கு கேட்பவர்களுக்காக: அந்த செமஸ்டருக்கு மறுபடி கட்டணம் 42,000, ஹாஸ்டலும் சாப்பாடும் 27,000, தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, இறுகிப்போன யூனிஃபார்முக்குப் பதில் புதுசு எல்லாம் 6,000. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது, படிப்பு நின்ற 9 மாதம் அதுவும் வரவில்லை. (மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் அது. மூவலூர் மயிலாடுதுறை பக்கம்தான். நம்ம ஊர்க்காரி பெயரில் வந்த காசை நானே தொலைத்தேன் என்று கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.) மொத்தம் 84,000. ஒரு வருஷம் தள்ளிப்போகிற சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை. கல்விக் கடன் வாங்கியிருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். படிப்பு நடக்கிற வரைக்கும், முடித்த பிறகு பொதுவாக ஒரு வருஷம் வரைக்கும்தான் தவணை கட்டாமல் இருக்கலாம். நடுவில் நின்றுவிட்டால் அதற்கு முன்பே திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். ஆனால் படிப்பு தாமதமானால், அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை அவகாசத்தை நீட்ட வங்கியில் வழி இருக்கிறது. கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மேலாளரை நேரில் பாருங்கள். நான் பயந்து பயந்து போனேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது.

காத்திருந்த மாதங்களில் அத்தை சொன்னபடி புத்தகத்தை மாற்றினேன். பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் பாடநூல், தமிழ் வழி. செரித்தல், சுவாசம், சுற்றோட்டம், கழிவு நீக்கம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பி என்று ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாடம் அதில் இருக்கிறது. முதலில் அதைத் தமிழில் படித்து, படத்தை நானே போட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறப்பேன். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் இங்கிலீஷ் வெறும் பெயராகிவிடும். அப்புறம் சொற்களை உடைக்கக் கற்றுக்கொண்டேன். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'ஹெபட்' கல்லீரல், 'நெஃப்ர்' சிறுநீரகம், 'கேஸ்ட்ர்' இரைப்பை. 'டாக்கி' வேகம், 'பிராடி' மெதுவு. இப்படி நாற்பது ஐம்பது துண்டு தெரிந்தால் நானூறு வார்த்தை தானாகத் திறக்கிறது. இதை ஏன் முதல் வாரத்திலேயே யாரும் சொல்லித் தரவில்லை என்று எனக்கு இன்னும் கோபம் உண்டு. பதில் எழுதும்போது பெரிய வாக்கியம் எழுதப் பார்க்காமல் சின்னச் சின்னதாக ஐந்து வார்த்தையில் எழுதினேன். அரியரில் 58 வந்தது. பிரமாதமில்லை, போதும்.

ஜூனியர்களோடு உட்காருவது முதல் இரண்டு மாதம் நரகம். கூடப் படித்தவர்கள் இப்போது சீனியர், காரிடாரில் எதிரே வந்தால் நான் எழுந்து நின்று "குட் மார்னிங் அக்கா" சொல்ல வேண்டும். அதில் ஒருத்தி என்னைவிட மூன்று மாதம் சின்னவள். அவளும் சங்கடப்படுவாள், நானும் சங்கடப்படுவேன், இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே போவோம். பிறகு பழகிவிட்டது. இப்போது மூன்றாம் வருஷத்தில் இருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, அம்மா மூலமாக நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். வேறு கல்லூரி, முதல் வருஷம், இரண்டு பேப்பர் போய்விட்டது. "விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்க்கா" என்றாள். எத்தனை நாளாக வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றாள். யோசிப்பதை ஹாஸ்டலில் போய் யோசி, காலையில் முதல் பஸ்ஸைப் பிடி என்றேன். வார்டா புஸ்தகமா என்ற கேள்வியையும் கேட்டுவைத்தேன். அவளுக்கும் உடனே பதில் வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நீடாமங்கலத்தில் பஸ் மாறிக்கொண்டிருப்பதாகச் செய்தி அனுப்பினாள். அவள் கடைசியில் விடுவாளோ தொடர்வாளோ, அது அவள் பாடு. விடலாம் என்கிற 24 நாளில் இன்னும் 15 நாள் கையில் இருக்கிறது.